விண்ணிலிருந்து வரும் கல்லும் மலையிலிருந்து வரும் மண்ணும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகின் கவனத்தை ஒரு செய்தி தன்பால் ஈர்த்துக்கொண்டது. '2024 வைஆர்4' என்று பெயரிடப்பட்ட சிறுகோள் ஒன்று 2032 டிசெம்பர் 22 ஆம் திகதி பூமியுடன் மோதக்கூடும் என்பதும், அதற்கான வாய்ப்பு 3.1 சதவீதம் வரை உயர்ந்துள்ளது என்பதுமே அந்தச் செய்தி. மோதினால் எங்கே மோதும் என்று கணித்து வரையப்பட்ட நீண்ட பட்டையில், தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆபிரிக்கா, அரபிக்கடல் ஆகியவற்றோடு தெற்காசியாவும் இடம்பெற்றிருந்தது. நம் நாட்டிலும் அது பேசுபொருளாயிற்று.

அந்த நாட்களில் ஒரு மாலை, பண்டாரவளைப் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க்கடையொன்றில் இளைஞர் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது. "சேர், நீங்க எப்ப பார்த்தாலும் காலநிலை மாற்றம், மண்சரிவுன்னே எழுதுறீங்க. மேலேயிருந்து ஒரு கல்லு விழுந்தா எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிடுமே. அதுக்கு முன்னால இதெல்லாம் பெரிய விஷயமா?" என்றார் அவர். நாம் பதில் சொல்வதற்கு முன்பாக, பக்கத்து வாங்கில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான முதியவர் குறுக்கிட்டார். "கல்லு வர்ற திகதிய சொல்லிட்டாங்க தம்பி. நம்ம மலை வர்ற திகதியத்தான் ஒருத்தரும் சொல்லல."

இளைஞரின் கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பிரபஞ்சத்தின் பேரழிவுகளோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு பாகை வெப்ப உயர்வு அற்பமானதே என்று வாதிடுவோர் உலகெங்கும் உள்ளனர். முதியவரின் பதிலோ நெஞ்சைத் தொடுவது. எனினும் அது முழுமையாகச் சரியானதன்று. மலை சரியும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்ன பின்பு என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய விடயமாகும்.

எச்சரிக்கை பிறந்த விதம்

முதலில் அந்தச் சிறுகோளின் கதையைப் பார்ப்போம். 2024 டிசெம்பர் 27 ஆம் திகதி சிலி நாட்டில் அமைந்துள்ள 'அட்லஸ்' தொலைநோக்கி அதனைக் கண்டுபிடித்தது. அதன் விட்டம் ஏறத்தாழ 60 மீற்றர். உயரத்தில் பதினைந்து மாடிக் கட்டடத்துக்கு இணையானது. உலகை அழிக்கும் வல்லமை அதற்கில்லை. ஆனால் ஒரு நகரத்தைத் தரைமட்டமாக்கப் போதுமானது.

சிறுகோள்களைக் கண்காணிக்கவென ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரையின் பேரில் அமைந்த சர்வதேச எச்சரிக்கை வலையமைப்பு ஒன்று உள்ளது. பத்து மீற்றருக்கு மேற்பட்ட ஒரு சிறுகோள் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டுமாயின் உலகுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. 2025 ஜனவரி இறுதியில் அந்த எல்லை தாண்டப்பட்டதும் அறிவித்தல் வெளியானது. பல நாடுகளின் தொலைநோக்கிகள் அந்தச் சிறிய ஒளிப்புள்ளியை நோக்கித் திரும்பின. பெப்ரவரி 18 ஆம் திகதி வாய்ப்பு 3.1 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த சில தினங்களிலேயே அது சரிந்து, மாத இறுதிக்குள் ஏறத்தாழ பூச்சியமாயிற்று.

ஏறிய எண் திடீரென இறங்கியதால் விஞ்ஞானிகள் தவறிழைத்துவிட்டனர் என்று சிலர் எண்ணினர். உண்மை அதுவல்ல. இருளில் தூரத்தே டோர்ச் விளக்கை அடிக்கும்போது ஒளி விரிந்து பரவுகிறது. சிறுகோள் எங்கே இருக்கும் என்பது பற்றிய ஆரம்பக் கணிப்பும் அவ்வாறே விரிந்த ஒரு வட்டம். அவதானிப்புகள் கூடக்கூட அந்த வட்டம் சுருங்குகிறது. சுருங்கும் வட்டத்துக்குள் பூமி இன்னமும் இருக்கும் வரை, வட்டத்தில் பூமி பிடித்துக்கொள்ளும் பங்கு கூடுவதால் சதவீதம் உயரும். வட்டம் மேலும் சுருங்கிப் பூமியை விட்டு விலகியதும் சதவீதம் விழுந்துவிடும். எண் ஏறியதும் இறங்கியதும் அம்முறை சரியாக இயங்கியதன் அடையாளங்களே.

இந்தக் கண்காணிப்புக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1973 இல் வெளியான 'ரொண்டேவூ வித் ராமா' என்ற தமது நாவலில், விண்கல் மோதி இத்தாலியின் நகரங்கள் அழிந்த பின்னர் மனிதகுலம் 'ஸ்பேஸ்கார்ட்' என்ற காவல் அமைப்பை உருவாக்குவதாகக் கற்பனை செய்தார். சுமார் இருபது ஆண்டுகளின் பின், 1992 இல் நாசா தயாரித்த சிறுகோள் ஆய்வுத் திட்டம் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. இன்று ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட, பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை கண்டறியப்பட்டுவிட்டன. 2022 செப்டெம்பர் 26 ஆம் திகதி நாசாவின் 'டார்ட்' விண்கலம் டைமோர்போஸ் என்ற சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. ஒரு விண்பொருளின் பாதையை மனிதன் மாற்றியமைத்த முதற் சந்தர்ப்பம் அதுவாகும்.

வானத்து ஆபத்துகளின் அளவு

விண்வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்துகள் கற்பனையல்ல. 1908 ஜூன் 30 ஆம் திகதி ரஷ்யாவின் துங்குஸ்கா பகுதியில் வானிலேயே வெடித்த ஒரு விண்பொருள், ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் காட்டைச் சாய்த்தது. 2013 பெப்ரவரி 15 ஆம் திகதி அதே நாட்டின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, 20 மீற்றர் அளவேயான ஒரு கல் வெடித்ததில் உடைந்த கண்ணாடிகளால் சுமார் 1,500 பேர் காயமடைந்தனர்.

இவற்றை எல்லாம் விஞ்சியது 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய மெக்சிக்கோவின் யுகற்றான் பிரதேசத்தில் மோதிய, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் விட்டமுடைய சிறுகோள். டைனோசர்கள் உட்பட உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு அதனால் மறைந்தன. இத்தகைய மோதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழலாம் எனக் கணிக்கப்படுகிறது. ஒரு கிலோமீற்றர் அளவானது சில இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வைஆர்4 போன்றது சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறையும் வரலாம்.

விண்மீன் வெடிப்புகளைப் பற்றியும் அச்சம் உண்டு. ஒரு விண்மீன் வெடித்து நம் வளிமண்டலத்தின் ஓசோன் படையைப் பாதிக்க வேண்டுமாயின், அது சில பத்து ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். விரைவில் வெடிக்கும் என்று அடிக்கடி பேசப்படும் திருவாதிரை விண்மீன் பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. அது வெடித்தால் நமக்கு ஒரு வாண வேடிக்கையே. சூரியனைப் பொறுத்தவரை, அது நூறு கோடி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற வேகத்தில் மெல்ல மெல்லப் பிரகாசமடைந்து வருகிறது. அதனால் ஒருநாள் கடல்கள் வற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிக் கவலைப்பட நம் சந்ததிகளுக்குத் தாராளமாக அவகாசம் உண்டு.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். டைனோசர்களில் பெரும்பாலானவை கல் விழுந்த இடத்தில் நசுங்கி மாண்டவை அல்ல. மோதலால் எழுந்த தூசியும் புகைக்கரியும் கந்தகமும் வானை மறைத்துச் சூரிய ஒளியைத் தடுத்தன. பூமி குளிர்ந்தது. தாவரங்கள் பட்டன. அவற்றை உண்டு வாழ்ந்தவை பட்டினியால் மடிந்தன. விண்ணிலிருந்து வந்த அழிவும் தன் வேலையைக் காலநிலையைக் கொண்டே முடித்தது.

அது மட்டுமன்று. பூமியின் வரலாற்றில் மிகப் பெரிய உயிரழிவு 25 கோடி 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது. கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அதில் இல்லாதொழிந்தன. இன்றைய சைபீரியப் பகுதியின் எரிமலைகள் நெடுங்காலம் கக்கிய வாயுக்கள் பூமியைச் சூடாக்கி, கடலின் ஒட்சிசனைக் குறைத்து, நீரை அமிலமாக்கியதே அதன் பிரதான காரணமெனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதற்கு வானத்துக் கல் எதுவும் தேவைப்படவில்லை.

பகடையும் கடன் கொப்பியும்

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். விண்கல் மோதல் என்பது பகடை உருட்டுவதைப் போன்றது. விழலாம், விழாமலும் போகலாம். பெரும்பாலும் விழாது. காலநிலை மாற்றமோ தோட்டத்துக் கடையின் கடன் கொப்பியைப் போன்றது. ஒவ்வொரு மாதமும் வாங்கியது எழுதப்படுகிறது. கொடுத்தது குறைவு, வாங்கியது அதிகம். ஒரு நாளில் பார்த்தால் தொகை சிறிது. கொப்பி மட்டும் கனத்துக்கொண்டே போகும்.

அந்தக் கொப்பியில் எழுதப்பட்டுள்ள கணக்கு தெளிவானது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 ஐக் கடந்துவிட்டது. ஹவாய்த் தீவின் மவுனா லோவா அவதானிப்பு நிலையத்தில் 1958 முதல் இது தொடர்ச்சியாக அளக்கப்படுகிறது. இந்த வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பதும் புதிய கண்டுபிடிப்பன்று. ஜோன் டின்டால் 1859 இலேயே ஆய்வுகூடத்தில் இத்தகைய வாயுக்களின் இயல்பைக் காட்டினார். சுவீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ் 1896 இல் அதன் விளைவைக் கணக்கிட்டார். 2024 ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் அதிகமாக இருந்ததாக உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது.

வேகத்தையும் பார்க்க வேண்டும். கடைசிப் பனியுகத்திலிருந்து பூமி மீண்டபோது ஏறத்தாழ ஐந்தாறு பாகை வெப்பம் உயர்வதற்குச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போதைய உயர்வு ஒன்றரை நூற்றாண்டில் நிகழ்ந்துள்ளது. அதிலும் பெரும்பகுதி 1970 களுக்குப் பின்னரே.

இதற்கும் வானமே காரணம், சூரியன்தான் சூடேற்றுகிறது என்று கூறுவோரும் உள்ளனர். 1978 முதல் செய்மதிகள் சூரியனின் வெளிப்பாட்டை நேரடியாக அளந்து வருகின்றன. வெப்பநிலை உயர்ந்த இக்காலப்பகுதியில் சூரியனின் சக்தி உயர்ந்து செல்லவில்லை. சூரியன் காரணமாயின் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒருசேரச் சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. கம்பளியைப் போர்த்தியவரின் உடல் சூடாகி, கம்பளியின் வெளிப்புறம் குளிர்ந்திருப்பதைப் போன்றது இது. போர்வை நாம் போட்டதுதான்.

ஆகவே 'எது பெரிது' என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உள்ளன. நிகழ்ந்தால் உண்டாகும் அழிவை மட்டும் அளந்தால் பத்துக் கிலோமீற்றர் சிறுகோளே பெரிது. நிகழும் நிச்சயத்தையும், அண்மையையும், நம் செயலால் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதையும் சேர்த்து அளந்தால் காலநிலை மாற்றமே பெரிது. முன்னையது வருமா என்று கேட்கிறோம். பின்னையது வந்துவிட்டது.

ஊவாவின் மலைகளில்

வந்துவிட்டது என்பதைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலிருக்கும் பண்டாரவளையைச் சுற்றிய மலைகளின் வாழ்வே மழையின் ஒழுங்கில் தங்கியுள்ளது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மறுபக்க மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. ஒக்டோபரிலிருந்து இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் நீரைத் தருகின்றன. காற்று ஒரு பாகை சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது மண் முன்னரிலும் விரைவாக வரள்கிறது. வறட்சியில் வெடித்த சரிவு, அடுத்த பெருமழையில் நீரை உறிஞ்சிக் கனத்து நழுவுகிறது.

நம் மக்களுக்குக் காலநிலையின் கொடுமை புதிதன்று. 1869 இல் ஊவாவின் மடுல்சீமையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்ட இலைத்துரு நோய், கோப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், பசுபிக் சமுத்திரம் அசாதாரணமாகச் சூடான ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததால் விளைந்தது. ஆட்சியாளரின் இரக்கமற்ற கொள்கை அதனைப் பன்மடங்காக்கியது. அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பிக் கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்த மலைகளில் வாழ்கின்றனர். மழை பொய்த்ததால் இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மழை மிகுந்ததால் மண்ணுக்குள் போவது எத்துணை கொடியது!

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை 7.30 மணியளவில், பெரகலையிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியை அண்டிய கொஸ்லாந்தையின் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் வரிசையாக மண்ணுக்குள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை.

முதியவர் சொன்னது முழுமையாகச் சரியன்று என்று தொடக்கத்தில் குறிப்பிட்டதன் காரணம் இங்கேதான் உள்ளது. மீரியபெத்தை ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் பின்னர் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. இந்நாட்டின் மண்சரிவு அபாய வரைபடப் பணி 1990 களின் ஆரம்பத்தில் தொடங்கப்பட்டதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். நம் மலைகளின் ஜாதகம் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

எச்சரிக்கை இருந்தது. ஆனால் 'அகற்ற வேண்டும்' என்றால் எங்கே? தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் அதன் முகாமைத்துவம் படிப்படியாகப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைக்கும் குடும்பத்துக்கு லயன் அறைக்கு உறுதி கிடையாது, வேறு இடத்தில் குடிசை போடவும் உரிமை கிடையாது. ஆபத்து என்று அறிந்தவர்களும் இரவில் அதே அறைக்குள் படுக்க வேண்டியிருந்ததற்கு அறியாமையோ பிடிவாதமோ காரணமன்று. போக்கிடம் இல்லாமையே காரணம். உயிர் தப்பியவர்களுக்கும் பூனாகலைப் பகுதியில் வீடுகள் கையளிக்கப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அதுவரை பல குடும்பங்களுக்குக் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே புகலிடமாயிற்று.

2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் சேதமடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அவர்களுள் பெருந்தொகையினர் மத்திய மலைநாட்டின் மண்சரிவுகளில் மாண்டவர்கள். கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளை மாவட்டமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது.

ஒவ்வொரு மண்சரிவையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டுமே எழுதிவிடுவது நேர்மையாகாது. சரிவை வெட்டி வீதியமைத்தல், பராமரிப்பின்றித் தூர்ந்த வடிகான்கள், கைவிடப்பட்ட தேயிலை மலைகள் ஆகியவையும் காரணங்களே. காலநிலை மாற்றம் செய்வது, ஏற்கனவே பலவீனமான இடத்தில் சுமையைக் கூட்டுவதாகும்.

விண்வெளியிடம் கற்க வேண்டிய பாடம்

சிறுகோளுக்கு 1 சதவீதம் என்ற எல்லை இருப்பதைப் போலவே மண்சரிவுக்கும் எல்லைகள் உண்டு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். இதுவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகோல். இவற்றைப் பாடசாலைப் பிள்ளைகளும் மனனம் செய்து வைத்திருத்தல் நன்று. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் பிளவு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவையும் எச்சரிக்கைக் குறிகளாகும்.

அப்படியாயின் இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? 60 மீற்றர் கல் ஒன்றுக்காக, எட்டு ஆண்டுகள் முன்னதாகவே, யார் பார்ப்பது, யார் கணக்கிடுவது, யார் யாருக்கு அறிவிப்பது, அதன் பின் என்ன செய்வது என்பதெல்லாம் ஏற்பாடாகியிருந்தன. வாய்ப்பு 97 சதவீதம் 'மோதாது' என்று இருந்தபோதும் எவரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. மீரியபெத்தைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக எச்சரிக்கை கிடைத்தும், அதைக் கேட்டு நடக்க வேண்டியவர் யார் என்பது முடிவாகவில்லை. விஞ்ஞானம் இரண்டு இடத்திலும் தன் கடமையைச் செய்தது. மலையில் மட்டும், அதன் கையிலிருந்து ஓலையை வாங்கிக்கொள்ள எவரும் முன்வரவில்லை.

இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன் மட்டுமே. உலகச் சராசரி அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். லயன் அறையில் விறகு எரிக்கும் குடும்பத்தின் பங்கு இன்னும் சொற்பம். எனவே வாயு வெளியீட்டைக் குறைக்கும் பெரும் பொறுப்பு செல்வந்த நாடுகளுடையது. 2022 இல் எகிப்தில் நடைபெற்ற காலநிலை மாநாட்டில் இணங்கப்பட்ட இழப்பு மற்றும் சேத நிதியத்தில் நமக்குரியதைக் கேட்டுப் பெறுவது அரசாங்கத்தின் கடமை. ஆனால் அந்தப் பணம் வரும் வரை மலை காத்திருக்காது.

இங்கே செய்யக்கூடியவை பல உள்ளன. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு மழைமானியும் அதைப் பார்த்து எழுதப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருத்தல் வேண்டும். அவர் காட்டும் அளவு எல்லையைத் தாண்டியதும், கொழும்பின் அனுமதிக்கோ துரையின் உத்தரவுக்கோ காத்திராமல் மக்களை வெளியேற்றும் அதிகாரம் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டக் குழுவுக்கும் முன்கூட்டியே வழங்கப்படல் வேண்டும். எச்சரிக்கைகள் சிங்களத்தில் வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் வெளியாக வேண்டும். அபாய வலயமென வரைபடத்தில் குறிக்கப்பட்ட லயன்களின் பட்டியல் அந்தந்தப் பிரதேச செயலகத்தின் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில், உறுதியுடன் கூடிய காணி வழங்கப்படல் வேண்டும். காணி இல்லாத இடத்தில் எச்சரிக்கை என்பது, படகில்லாதவனிடம் வெள்ளம் வருகிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

தேநீர்க்கடையில் கேள்வி கேட்ட அந்த இளைஞருக்கு நாம் கூறக்கூடியது இதுதான். வானத்தைப் பாருங்கள், அது வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. வானத்தைப் பார்க்கக் கற்ற மனிதன் ஒரு கல்லின் பாதையையே மாற்றினான் என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. அதே அக்கறையில் ஒரு பங்கை மலைச்சரிவின் மீது திருப்பும்படி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

2032 டிசெம்பர் 22 ஆம் திகதி ஊவாவில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக்காலம். அன்றிரவு '2024 வைஆர்4' பூமியில் விழாது என்று விஞ்ஞானம் உறுதியாகக் கூறிவிட்டது. அன்றிரவு பண்டாரவளையைச் சூழவுள்ள மலைகளின் லயன்களில் படுத்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே மண் விழாது என்று கூற வேண்டியவர்கள் யார் என்பதைத் தீர்மானிக்க, இன்னும் சில மழைக்காலங்களே எஞ்சியுள்ளன.